பதினோரு வாரங்கள்

குப்பியில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன்,
லேபிளுக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில்.
மறுநாள் அதற்கு இரண்டு விரற்கடை கீழே
இன்னொரு புள்ளி.
அதே சிவப்பு. என் அலமாரியிலிருந்து எடுத்தது.
"உனக்கு வேலை மிச்சம்" என்றாள் பால்பினா அத்தை
உருளைக்கிழங்கின் தோலை ஒரே சுருளாகச் சீவியபடி.

சிரித்துவிட்டேன்.
அங்கேதான் தோற்றேன் என்று நினைக்கிறேன்.

நாற்பத்தொரு வருடம் இந்தக் கழிமுகத்தில் மட்டி வாரியவள்.
கடல் பின்வாங்கும் நேரமெல்லாம் அவள் நேரம்,
அது விடியாத நாலு மணியானாலும், ஜனவரியானாலும்.
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். இடுப்பில் இரண்டாய் மடிந்து
சேற்றோடு பேசுவதுபோல் ஒரு நிற்பு.
இப்போது நிமிர்ந்தால் வலிக்கிறது,
குனிந்தாலும்தான்.
படுத்தால் இடது காலுக்குள் கம்பியைக் காய்ச்சி
யாரோ இழுக்கிறார்களாம்.
அதைச் சொல்வதும் சாராயத்துக்கு அப்புறம்தான்.
அதற்கு முன்னால் கேட்டால், மழை வரப்போகிறது, அதனால் என்பாள்.
கலீசியாவில் எப்போது மழை வரப்போகவில்லை?

எனக்கு மருந்துக்கடையில் வேலை.
வெள்ளைக் கோட்டு, வாசலில் பச்சைச் சிலுவை விளக்கு,
"இதோடு மது கூடாது" என்று
நாளைக்கு முப்பது முறை சொல்கிற வாய்.
அவள் மாத்திரைகளையும் நான்தான் எண்ணிப் போடுகிறேன்.
மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது,
சாராயம் புரட்டுவதில்லை என்பது அவள் கட்சி.
காலையில் காபியில் ஒரு மூடி.
பதினொரு மணிக்கு நின்றபடியே ஒரு மடக்கு.
சாயங்காலம் கணக்கு கிடையாது.

வினிகர் பாட்டிலில் ஒளித்தாள்.
லூர்துக்குப் போய்வந்த யாரோ கொடுத்த
மாதா வடிவப் பிளாஸ்டிக் குப்பியில் ஒளித்தாள்.
நீலக் கிரீடம்தான் மூடி.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை
எல்லாவற்றையும் சிங்க்கில் கொட்டினேன்.
கிரீடத்தையும் திருகினேன்.
வீடெல்லாம் திராட்சைச் சக்கை வாசம்.
நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.
கத்துவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.
"சிங்க்குக்கு எங்கே வலிக்குதாம்?"
அவ்வளவுதான் கேட்டாள்.

இரவு இரண்டு மணிக்கு மேல்
சுவர் வழியாக வந்தது.
அழுகை இல்லை. அழுதிருந்தால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.
எண்ணிக்கொண்டிருந்தாள்.
தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு,
திரும்பவும் ஒன்று.
இடையிடையே விளக்கின் சுவிட்ச் அகப்படாமல்
நடுங்கும் கை சுவரைத் தட்டுகிற சத்தம்.

ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு என்ன செய்யும் என்று
எனக்குத் தெரியும். பரீட்சை எழுதித் தேறியிருக்கிறேன்.
வெள்ளிக்கிழமை மட்டும்
அந்தப் படிப்பு எங்கே போயிருந்தது?

காலையில் செவெரினோ ஷட்டரைப் பாதி தூக்கும்போதே
குனிந்து உள்ளே போனேன்.
ஒரு லிட்டர்.
"அத்தைக்கா?"
"எனக்கு."
அவர் நம்பவில்லை. சில்லறையை ஈரக் கையில் வைத்து
மழை விடாது போல என்றார்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
கொஞ்சம் கொஞ்சமாய் இறக்கு, தனியே இறக்காதே,
வாரம் ஒருமுறை கூட்டி வா என்றாள்.
வலி மருத்துவப் பிரிவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.
பதினோரு வாரம் கழித்து, காலை ஒன்பதே முக்கால்.
கடிதத்தை ஃப்ரிட்ஜில் காந்தத்தால் ஒட்டியிருக்கிறாள் அத்தை,
தலைகீழாக.

இப்போது நான்தான் ஊற்றுகிறேன்,
இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியில்.
கோடு தொடும்வரை அவள் குப்பியைப் பார்க்கமாட்டாள்,
என்னைப் பார்ப்பாள்.
குழந்தைக்கு ஊட்டுகிறவள்போல் நான் வாயைத் திறந்துவிடுகிறேன், தெரியாமல்.

நேற்று குப்பி, வைத்த புள்ளியிலேயே இருந்தது.
ஒரு சொட்டு இறங்கவில்லை.
தண்ணீர் கலந்திருக்கிறாளா என்று
முகர்ந்து பார்த்தேன்.

நான் முகர்ந்ததை
அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.